பஸ்ஸில் மோதியவர் மறுபடி ஜெயிப்பாரா?

போன இதழில் முழங்கால் வலியைப் பற்றி எழுதும்போது ஜூலையில் மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தய வீரர்களை ஓரிடத்தில் இழுத்துவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி சைக்கிள் பந்தயத்தைப் பற்றித்தான். ஒரு பிசியோதெரபிஸ்டிடம் இவ்வளவு பேர் பந்தயம் பேசுவார்கள் என்று நினைக்கவில்லை. நானும் ஜூலை மாதம் முழுக்க இரவு டி.வி. முன்னால் உட்காருகிறவள்தான் என்பதால் இந்த வாரம் அதற்கே ஒதுக்கிவிட்டேன். கழுத்து வலிக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கொலம்பிய வீரர் ஈகன் பெர்னாலின் ரசிகன். 22 வயதில் டூர் டி பிரான்ஸ் ஜெயித்தவர். 2022-ல் நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் மோதி உடம்பே நொறுங்கிப்போனது. இப்போது மறுபடி ஓட்டுகிறார். இன்னொரு டூர் ஜெயிப்பாரா? மழுப்பாமல் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவர், ஈரோடு

மழுப்பவில்லை தம்பி. ஜெயிக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்குக் காரணம் அந்த பஸ் மட்டும் இல்லை.

விபத்து நடந்தது 2022 ஜனவரி 24. பொகோட்டாவுக்கு வடக்கே காச்சன்சிபா என்ற ஊர்ப்பக்கம், அவருடைய சொந்த ஊரான சிப்பாகிராவிலிருந்து அதிக தூரமில்லை. அணித் தோழர்களோடு டைம் டிரயல் (ஒவ்வொருவராகத் தனியாக, நேரத்தோடு போட்டியிடும் ஓட்டம்) சைக்கிளில் பயிற்சி. அந்த சைக்கிளைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? முழங்கைகளை ஹேண்டில் மேல் ஊன்றி, கைகளை முன்னால் நீட்டி, காற்று தடுக்காமலிருக்கத் தலையைத் தோள்களுக்கு நடுவே இறக்கிக்கொண்டு ஓட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரிவது முன்சக்கரமும் அதற்கு அப்பால் கொஞ்சம் தாரும்தான். பிரேக் வேறு இடத்தில் இருக்கும். கையை எடுத்து அங்கே கொண்டுபோக வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு முன்னால், பயணிக்காக பஸ் நின்றிருக்கிறது.

தொடை எலும்பு, முழங்கால் சில்லு, முதுகெலும்பு, விலா எலும்புகள், கைக் கட்டைவிரல் என்று ஏறக்குறைய 20 எலும்புகள் முறிந்தன. நுரையீரல் இரண்டும் பாதிக்கப்பட்டன, ஒரு பல்லும் போயிற்று. இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோக 95 சதவீத வாய்ப்பு இருந்தது என்று பின்னால் அவரே சமூக ஊடகத்தில் எழுதினார்.

'20 எலும்பு' என்றதும் எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். எங்கள் தொழிலில் அந்த எண்ணிக்கைக்குப் பெரிய மரியாதை கிடையாது. விலா எலும்பு தானே கூடிவிடும், இருமும்போதும் தும்மும்போதும் உயிர் போகும், அவ்வளவுதான். கட்டைவிரலால் யாரும் பெடல் மிதிப்பதில்லை. முதுகெலும்பு முறிந்தும் உள்ளே இருக்கும் தண்டுவடம் தப்பித்தது பெரிய அதிர்ஷ்டம். தப்பித்துவிட்டால் எலும்பைப் பிளேட், ஸ்க்ரூ போட்டு நிறுத்திவிடுவார்கள். ஒரு சைக்கிள் வீரருக்கு நான் கவலைப்படுவது தொடை எலும்புக்கும், அதைவிட அதிகமாக முழங்கால் சில்லுக்கும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால், ஐந்து மணி நேரப் பந்தயத்தில் 27,000 சுற்று. ஒவ்வொரு மிதிக்கும் அந்தச் சில்லு தொடை எலும்பின் பள்ளத்தில் ஏறி இறங்க வேண்டும். மணல் துகள் அளவுக்கு ஒரு மேடு இருந்தாலும் அது மூன்றாவது மணி நேரத்தில் தெரியும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் திரும்பி வந்த வேகத்தைப் பாருங்கள். இரண்டு வாரத்தில் வீடு. இரண்டு மாதத்தில் சாலையில் சைக்கிள். ஆகஸ்டில் டென்மார்க்கில் பந்தயம். ஏழு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. செய்தித்தாள்களில் 'அற்புதம்' என்று போட்டுக் கதையை அங்கேயே முடித்துவிட்டார்கள். எனக்கு அதற்குப் பிறகுதான் சுவாரஸ்யம் ஆரம்பிக்கிறது.

2023 ஜனவரியில் அர்ஜென்டினாவின் சான் ஹுவான் பந்தயத்திலிருந்து முழங்கால் வலியால் பாதியில் விலகினார். (சில்லு!) அந்த வருடம் டூரில் 36-வது இடம், ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவில் 55-வது இடம். ஒரு காலத்தில் டூரில் முதலிடத்துக்கான மஞ்சள் பனியன் போட்டவர், மலை ஆரம்பித்ததும் பின்தங்கிப் போவதை டி.வி.யில் பார்க்கவே சங்கடமாக இருக்கும். 2024-ல் ஒரு வாரப் பந்தயமான கட்டலோனியா சுற்றில் மூன்றாவதாக வந்தார். ஆனால் டூரில் 29. இது எங்களுக்கு மிகப் பழக்கமான வரைபடம்: ஒரு வாரம் தாங்குகிற உடம்பு மூன்று வாரம் தாங்காது. ஒரு நாள் உழைப்பை மறுநாள் காலைக்குள் சரிசெய்துகொள்ளும் திறமைதான் கடைசியாகத் திரும்பி வரும். சிலருக்கு வராமலே போகும்.

அவருக்கு வந்தது, மூன்று வருடம் கழித்து. 2025 பிப்ரவரியில் கொலம்பிய தேசியப் போட்டியில் டைம் டிரயல், சாலைப் பந்தயம் இரண்டிலும் பட்டம். விபத்துக்குப் பிறகு முதல் வெற்றிகள். அதே மாதம் ஸ்பெயினில் விழுந்து காலர் எலும்பை முறித்துக்கொண்டார், அது வேறு. மே மாதம் இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோவில் ஏழாவது இடம். செப்டம்பர் 9-ஆம் தேதி வுவெல்டாவின் 16-வது கட்டத்தில் (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) வெற்றி. பாலஸ்தீன ஆதரவுப் போராட்டத்தால் அன்று முடிவுக்கோட்டுக்கு 8 கிலோமீட்டர் முன்னாலேயே பந்தயத்தை முடிக்கும்படி ஆயிற்று, அதனால் மேலே காத்திருந்த கூட்டம் எதையும் பார்க்கவில்லை. கடைசியில் அவரோடு போட்டி போட்டவர் ஸ்பெயின் வீரர் மிக்கேல் லாண்டா. அந்த லாண்டா அதே வருடம் மே மாதம், ஜிரோவின் முதல் நாளே அல்பேனியாவில் விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டவர். முதுகெலும்பு முறிந்து கூடிய இரண்டு பேர் முதலிடத்துக்கு முட்டிக்கொண்ட அந்தக் காட்சியை என்னிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு போனில் போட்டுக் காட்டுகிறேன்.

சரி, அப்புறம் ஏன் டூர் கிடைக்காது என்கிறேன்? அவர் படுத்திருந்த காலத்தில் மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. 2020 முதல் 2025 வரை ஆறு டூர்களையும் இரண்டே பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள்: ஸ்லோவேனியாவின் பொகாச்சருக்கு நான்கு, டென்மார்க்கின் விங்ககோருக்கு இரண்டு. 2019-ல் பெர்னால் ஜெயித்த அதே கால் இன்று அப்படியே திரும்பி வந்தாலும் இவர்களோடு மலை ஏறப் போதுமா என்பது சந்தேகம். அதோடு, 25 முதல் 27 வயது வரை ஒரு வீரர் வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போக வேண்டிய காலம். பெர்னால் அந்த வருடங்களைப் பழைய இடத்துக்கு வந்துசேரவே செலவழித்தார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அவருக்கு முதுகு வலி பஸ்ஸுக்கு முன்னாலேயே உண்டு. 2020 டூரில் அதனால்தான் விலகினார். கால்கள் இரண்டும் நீளத்தில் சமமில்லை, முதுகிலும் லேசான வளைவு. ஆக, டூரில் ஒரு கட்டம் ஜெயிப்பார், ஜிரோவில் முதல் மூன்றுக்குள் வரவும் வாய்ப்பு உண்டு. பாரிஸில் மஞ்சள் பனியன் இல்லை. நீங்கள் கோபப்பட்டு மறுகடிதம் போட்டால் படிக்கத் தயார்.

நாலு டூர் ஜெயித்த கிறிஸ் ஃப்ரூம் 2019 விபத்துக்குப் பிறகு எழவே இல்லையே? அப்போது அவருக்கு 34 வயது. வயதுதானே காரணம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

வயதும் ஒரு காரணம் சார். வயது மட்டும்தான் என்றால், நெதர்லாந்து வீராங்கனை அன்னமீக் வான் வ்ளூட்டனை என்ன செய்வது? 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் கைக்கெட்டும் தூரத்தில், மலையிறக்கத்தில் தலைகுப்புற விழுந்து, கீழ்முதுகில் மூன்று முறிவு, மூளை அதிர்ச்சி. அசையாமல் கிடந்ததைப் பார்த்தவர்கள் இறந்துவிட்டார் என்றே நினைத்தார்கள். அப்போது அவருக்கு 33 வயது. அடுத்த வருடமே டைம் டிரயலில் உலக சாம்பியன். டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கம். 2022-ல், 39 வயதில், பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் மறுபடி தொடங்கியபோது அதை ஜெயித்தவரும் இவர்தான்.

ஃப்ரூமுக்கு நடந்தது வேறு. 2019 ஜூன் 12, பிரான்ஸில் ரோவான் என்ற ஊர். பந்தயம்கூட இல்லை, டைம் டிரயல் பாதையை முன்கூட்டி ஓட்டிப் பார்க்கப் போனார்கள். மூக்கைச் சிந்த ஒரு கையை எடுத்தார்; அந்த நொடி காற்று முன்சக்கரத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தது. வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர். தொடை, இடுப்பு, முழங்கை, விலா, மார்பெலும்பு, கழுத்தெலும்பு எல்லாம் முறிந்தன. செயின்ட் எட்டியென் மருத்துவமனைக்கு ஹெலிகாப்டரில் கொண்டுபோய் ஆறு மணி நேர அறுவை சிகிச்சை. நவம்பரில் மறுபடி திறந்து இடுப்பிலிருந்த பிளேட்டையும் முழங்கையிலிருந்த ஸ்க்ரூக்களையும் எடுத்தார்கள்.

அடிபட்டது வலது தொடை. அந்தக் கால் இடது காலுக்குச் சமமாக மிதிக்கவில்லை என்று அவரே சொல்லி, அதற்கென்று தனியாகப் பயிற்சி எடுத்தார். உங்களுக்கும் எனக்கும் ஒரு கால் கொஞ்சம் சோம்பலாக இருந்தால் தெரியவே தெரியாது. அவருடைய பெடலில் பவர் மீட்டர் இருக்கிறது, வாட் கணக்கில் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல கால் கூடுதல் பாரத்தை வாங்கிக்கொள்ளும், அதனால் இடுப்பு ஒரு பக்கம் சாயும், அதற்குப் பிறகு முதுகு புகார் சொல்லும். ஒரு மலை ஏறிவிடலாம். ஒரே நாளில் நான்கு மலை என்றால் கணக்கு உதைக்கும்.

படுக்கையில் கிடப்பது செய்யும் சேதம் வேறு இருக்கிறது. 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸில் ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்க வைத்துப் பரிசோதித்தார்கள். நோய் இல்லை, காயம் இல்லை, வெறும் படுக்கை. உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. அதே ஐந்து பேரை 30 வருடம் கழித்துப் பரிசோதித்தபோது, 30 வருட வயோதிகம் செய்ததைவிட அந்த மூன்று வாரம் செய்த சேதம் அதிகம் என்று தெரிந்தது. இளைஞர்கள் பயிற்சி செய்து மீட்டுவிட்டார்கள். 34 வயதில், உடைந்த தொடையோடு அதே பயிற்சியைச் செய்வது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள்.

அதற்காக அவர் எழவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2022 ஜூலை 14, ஆல்ப் டூயஸ் மலை உச்சியில் மூன்றாவதாக வந்தார். 37 வயது. விபத்துக்குப் பிறகு அவர் எட்டிய உயரம் அதுதான், ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. 2025 ஆகஸ்டில் பயிற்சியின்போது மறுபடி விழுந்து, நுரையீரல் சுருங்கி, ஐந்து விலா எலும்பும் முதுகெலும்பும் முறிந்தன. அன்று ஒரு மாலை முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

விங்ககோர் 2024 ஏப்ரலில் விழுந்து 12 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஜூலையில் டூரில் இரண்டாமிடம்! இது மருந்து விளையாட்டு இல்லாமல் முடியுமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

ஆதாரம் இல்லாமல் ஒருவர் மேல் பழி போட நான் தயாரில்லை. அவர் எதை முறித்துக்கொண்டார் என்று பார்த்தாலே பாதி புதிர் விடுபடும். பாஸ்க் நாட்டுப் பந்தயத்தில் ஏப்ரல் 4-ஆம் தேதி மலையிறக்கத்தில் விழுந்தார். காலர் எலும்பு, விலா எலும்புகள், நுரையீரலில் காயமும் காற்றுக் கசிவும். உயிருக்கு ஆபத்தான விபத்துதான். ஆனால் காயம் முழுக்க இடுப்புக்கு மேலே. தொடையும் முழங்காலும் பத்திரம். நுரையீரல் ஆறியதும் மிதிக்க வேண்டிய பாகம் அப்படியே காத்திருந்தது. ஜூலை 10-ஆம் தேதி லெ லியோரானில் பொகாச்சரைக் கடைசி மீட்டர்களில் முந்திவிட்டு அழுதார். ஆனால் மூன்றாவது வாரத்தில் பிடி விட்டு, முடிவில் 6 நிமிடம் 17 விநாடி பின்னால். நான் மேலே சொன்ன அதே மூன்று வாரக் கணக்கு.

அதே விபத்தில் விழுந்த ரெம்கோ எவனபுல்லுக்குக் காலர் எலும்பும் தோள்பட்டை எலும்பும் முறிந்தன. அவர் அந்த டூரில் மூன்றாமிடம் வந்து, பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கமும் வாங்கினார்.

உடம்பு சரியாகிவிடும், பயம் போகுமா? என் மகள் பள்ளி அளவில் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறாள். ஒருமுறை விழுந்ததிலிருந்து கூட்டத்துக்குள் நுழையவே மாட்டேன் என்கிறாள்.
– ஒரு தந்தை, சேலம்

நெதர்லாந்து வீரர் ஃபாபியோ யாக்கப்சனைப் பற்றி அவளிடம் சொல்லுங்கள். 2020 ஆகஸ்ட் 5, போலந்தின் கட்டோவிட்சே. இறக்கத்தில் முடியும் பந்தயம், வேகம் மணிக்கு 80-க்கு மேல். பக்கத்தில் வந்த டிலன் குரூனவேகன் தன் நேர்ப்பாதையை விட்டு விலகி வந்ததில், யாக்கப்சன் தடுப்பு வேலியில் போய் விழுந்தார். முகத்தில் மட்டும் 130 தையல், மிஞ்சியது ஒரே ஒரு பல். இடுப்பிலிருந்து எலும்பு எடுத்துத் தாடையைக் கட்டினார்கள். எட்டு மாதம் கழித்து, 2021 ஏப்ரலில், துருக்கியில் முதல் பந்தயம். போன உடனே ஸ்பிரிண்டில், அதாவது முடிவுக்கோட்டுக்கு முன்னால் நடக்கும் முழு வேக முட்டலில் குதிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஓட்டினார், கூட்டத்துக்குள் இருந்து பழகினார். ஜூலையில்தான் முதல் வெற்றி. அந்த வருட வுவெல்டாவில் மூன்று கட்டங்களும், புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்கான பச்சை பனியனும். 2022 டூரில் இரண்டாம் நாள் யாக்கப்சன் ஜெயித்தார், மூன்றாம் நாள் குரூனவேகன் ஜெயித்தார். அந்த விபத்துக்காக ஒன்பது மாதத் தடையும், கொலை மிரட்டலும், போலீஸ் பாதுகாப்பும் என்று குரூனவேகனும் கொஞ்சம் பட்டிருந்தார்.

உங்கள் மகளை இப்போதைக்குப் பந்தயத்துக்கு அனுப்பாதீர்கள். நம்பிக்கையான இரண்டு தோழிகளோடு பக்கத்தில் பக்கத்தில் ஓட்டட்டும், தோள் உரசும் அளவுக்கு, மெதுவாக, புல்தரையில். பிறகு நான்கு பேர், ஆறு பேர். அவளாகக் கேட்கும்வரை தேதி குறிக்க வேண்டாம். விழுந்தபோது தலையில் அடிபட்டு, இன்னும் தலைவலியோ வெளிச்சம் கூசுவதோ இருந்தால், அது பயமே இல்லை. முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் கணவர் பைக்கில் போகும்போது லாரி இடித்துத் தொடை எலும்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். ஸ்டாட்டிக் சைக்கிள் மிதிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ முட்டி மடங்கவில்லை என்று ஏறி உட்கார்ந்ததும் இறங்கிவிடுகிறார். பெரிய வீரர்கள் எப்படி ஆரம்பிக்கிறார்கள்?
– இல்லத்தரசி, மதுரை

அம்மா, பெர்னாலும் உங்கள் கணவரும் ஆரம்பிக்கிற இடம் ஒன்றேதான். டாக்டர் அனுமதித்துவிட்டார் என்பதால் சொல்கிறேன்.

சைக்கிள் பெடல் ஒரு முழுச் சுற்றுப் போக முழங்கால் ஏறக்குறைய 110 டிகிரி மடங்க வேண்டும். கம்பி வைத்த புதிதில் 80, 90-ல் முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் முதல் நாளே சுற்ற முயற்சி செய்து, வலித்து, பயந்து இறங்கிவிடுகிறார்கள். சீட்டை நன்றாக உயர்த்திவிடுங்கள். பெடலை முன்னால் பாதி, பின்னால் பாதி, தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டச் சொல்லுங்கள். நல்ல கால் வேலை செய்யட்டும், அடிபட்ட கால் கூடவே போகட்டும். ஐந்து நிமிடம் போதும். இறுக்கம் தெரியும் இடத்தில் ஒரு நொடி நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டும், குத்துகிற வலி வந்தால் அதற்கு முன்னாலேயே திரும்ப வேண்டும்.

சில நாளில் ஒருமுறை தானாகவே சுற்றிவிடும். அது பெரும்பாலும் பின்னோக்கித்தான் வரும், முன்னோக்கிச் சுற்றுவதைவிட அது சுலபம். அப்போது நீங்கள் பின்னால் நின்று அவருடைய இடுப்பைப் பாருங்கள். பெடல் மேலே வரும்போது அந்தப் பக்கத்து இடுப்பு எழும்பி, சட்டை ஓரம் ஒரு பக்கம் மட்டும் தூக்குகிறதா? அப்படியென்றால் முட்டியை மடக்காமல் இடுப்பைத் தூக்கிச் சமாளிக்கிறார். எல்லோரும் செய்கிற தந்திரம்தான். என்னிடம் வந்த ஒரு போலீஸ்காரர் இதைச் செய்துகொண்டே நான் பார்க்கவில்லை என்று சிரிப்பார். சீட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இடுப்பு அசையாமல் சுற்ற வந்த பிறகு, சீட்டை ஒரு விரற்கடை, ஒரு விரற்கடையாக இறக்குங்கள். பெடலைக் கனமாக்கும் திருகைத் தொடவே வேண்டாம்.

வாரம் ஒருமுறை முழங்கால் சில்லுக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் இரண்டு தொடையையும் தையல் டேப்பால் அளந்து காலண்டரில் எழுதி வையுங்கள். வித்தியாசம் குறைவதைப் பார்த்தால் அவரே ஏறி உட்கார்ந்துவிடுவார். திடீரென்று கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், காத்திருக்கக் கூடாது.

தொடையில் உள்ள கம்பியைக் கடைசிவரை வைத்திருக்கலாமா? ஏர்போர்ட்டில் சத்தம் போடுமா?
– ஒரு வாசகர், திருச்சி

தொந்தரவு இல்லையென்றால் பெரியவர்களுக்கு அதை அப்படியே விட்டுவிடுவதுதான் வழக்கம். ஸ்க்ரூ முனை தோலுக்கு அடியில் குத்துவது, கிருமி தொற்றுவது மாதிரி காரணம் இருந்தால் உங்கள் சர்ஜன் எடுக்கச் சொல்வார். ஃப்ரூமுக்கு எடுத்தார்களே என்று நீங்களும் எடுக்கப் போகாதீர்கள். ஏர்போர்ட் விஷயம், டைட்டானியம் என்றால் பெரும்பாலும் சத்தம் வராது, ஸ்டீல் என்றால் வரலாம். சோதிப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டு, தழும்பு இருக்கும் பக்கத்தைக் காட்டினால் வேலை முடிந்தது. வரிசை நீளமாக இருந்தால் நாற்காலி கேளுங்கள், கொடுப்பார்கள்.